பொட்டு வைத்த டிஸ்க்

வளவனுக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. சிந்துஜாவுக்கு உண்டு. ஆகவே அந்தக் குடும்பத்தில் ராகுகாலம் உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் புதுக் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரி விஷயங்களில் அவளோடு வாதாடி ஜெயித்த சரித்திரம் அவனுக்குக் கிடையாது.

தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அவனுடைய ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, பின்னால் தொங்கும் நீலத் துணி, குடை மாட்டிய இரண்டு விளக்குகள், மூலையில் ஒரு மேஜை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் படம் பிடித்துவந்து, அந்த மேஜையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பான். போன வாரத்து மழையில் எங்கேயோ இடி விழுந்தது. மேஜை மேலிருந்த பழைய கம்ப்யூட்டர் கொஞ்சமாகப் புகை விட்டுவிட்டு அடங்கிப் போயிற்று. வளவன் அதைப் பிரித்து ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டான். அவன் எடுத்த கல்யாணங்கள் முழுவதும், வெட்டுவதற்கு முந்திய கோலத்தில், அதற்குள்தான் இருந்தன.

இப்போது புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதில் இரண்டாவதாகப் போடுவதற்கு ஒரு புது ஹார்டு டிஸ்க்கும் வாங்கியிருந்தான். முதலில் புது டிஸ்க்கை மாட்டி ஃபார்மட் செய்ய வேண்டும். பிறகு பழைய டிஸ்க்கைத் தொடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் புதியதையும் அதே கம்பெனியில், அதே அளவில் வாங்கியிருந்தான். பூஜைக்காகப் பழையதன் தூசியைத் துணியால் துடைத்தபோது இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன.

இதெல்லாம் அவன் ஒருவனுடைய பாடாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அன்று காலை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூரிலிருந்து முருகையனும் அவர் மனைவி பச்சையம்மாளும் வந்து இறங்கியிருந்தார்கள். பச்சையம்மாள் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய், அம்மன் சன்னதியில் குங்குமம் வாங்கி, அதை ஒரு காகிதத்தில் மடித்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, படம் கிடைக்கிறவரைக்கும் சன்னதியை விட்டு நகரமாட்டேன் என்று திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். முருகையன் மாடியேறி வந்து, வளவன் போட்ட நாற்காலியில் பாதியில் மட்டும் உட்கார்ந்தார்.

அவர்கள் மகள் அருணாதேவியின் கல்யாணத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வளவன்தான் படம் பிடித்தான். தாலியை ஐயர் தட்டிலிருந்து எடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தசரதன் குறுக்கே கையை நீட்டினான். "பைக்கு சாவி இன்னும் கைக்கு வரல. வரட்டும், அப்புறம் கட்டலாம்" என்றான். மேளக்காரர் தூக்கின குச்சியோடு நின்றார். முருகையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடியிருந்த அத்தனை பேர் முன்னால், அந்த ஆளைக் கும்பிட்டார். மணப்பெண் தலை நிமிராமல் மாலையின் பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். யாரோ ஓடினார்கள், சாவி வந்தது, தாலி ஏறியது. வளவனின் கேமரா அத்தனையையும் எடுத்தது.

ஆனால் அவன் கொடுத்த கல்யாணப் படத்தில் அது கிடையாது. அந்த இடத்தில் மேலேயிருந்து ரோஜாப்பூ கொட்டும். அதை எடுத்துவிடச் சொன்னது மாப்பிள்ளை வீடு அல்ல, முருகையன்தான். "பொண்ணு வாழப்போற வூடு தம்பி. நாளைக்கு நாலு பேரு பாத்தா நல்லா இருக்காது" என்றார். வளவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சண்டையை வெட்டிவிட்டுப் பூவைப் போடத் தெரியாதவன் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்க முடியாது.

போன மாசம் அருணாதேவி செத்துப்போனாள். வயிற்றுவலி தாங்காமல் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று புருஷன் வீட்டில் சொன்னார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் ஆர்டிஓ விசாரணை திங்கட்கிழமைக்கு வைத்திருந்தார்கள். நாங்கள் எதையும் கேட்டதே இல்லை, பைக்கை அவர்களாகப் பிரியப்பட்டுக் கொடுத்தார்கள் என்று தசரதன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுப் போன ஒரு ஆளும் இப்போது வாயைத் திறக்கத் தயாராக இல்லை. முருகையனுக்கு மிஞ்சியிருந்தது அந்த வெட்டாத படம் ஒன்றுதான்.

"நீயும் வந்து ஒரு வார்த்த சொன்னா நல்லாருக்கும் தம்பி" என்று இரண்டு நாளைக்கு முன்னால் போனில் கேட்டிருந்தார்.

"படமே பேசும்யா. நான் எதுக்கு? படத்த குடுத்துடறேன். என் பேரு மட்டும் எங்கியும் வேணாம்" என்றான் வளவன்.

செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவன் இதே தசரதன்தான். வளவனின் வேலையில் பாதி அங்கிருந்து வந்தது. கெட்டவன் இல்லை வளவன், பயந்தவன். படத்தைக் கொடுத்துவிட்டால் மனசாட்சிக்கும் பதில் சொன்னதாகும், பிழைப்பும் கெடாது என்று கணக்குப் போட்டு, அதில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தான்.

சிந்துஜா மேஜையைத் துடைத்துச் சந்தனம் குழைத்தாள். மானிட்டருக்கு, சிபியுவுக்கு, கீபோர்டுக்கு, மவுசுக்குக்கூட ஒரு பொட்டு வைத்தாள். புது டிஸ்க் இன்னும் உறையைப் பிரிக்காமல் இருந்தது. அதற்கு உறையின் மேலேயே பொட்டு வைத்தாள். பழைய டிஸ்க்குக்கு வைக்கவில்லை. கற்பூரத்தைக் காட்டி முடித்தபோது முருகையன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் பொண்ணு எதுல இருக்குதும்மா?"

அவள் பழைய டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினாள். "இதுலதான் இருக்காங்கப்பா."

வளவன் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். கேபிள் ஒன்று கம்மியாக இருந்தது, எதிர்ச் சந்தில் வாங்க வேண்டும். "சிந்து, புதுசு கவர பிரிச்சு மேஜ மேல வெச்சுடு" என்று கீழேயிருந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். அவள் உறையைக் கிழித்து, டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்து, பொட்டு வைத்த உறையைக் குப்பைக் கூடையில் போட்டாள். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் கல்லாவில் உட்காரும் வேலை அவளுக்கு. நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது வளவனுக்கு மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது. நமக்கு இப்போதே தெரிந்துவிடட்டும். முருகையன் எழுந்தார். பழைய டிஸ்க்கின் முன்னால் நின்று, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தொட்டு அதன் மேல் வைத்து, மனைவி கொடுத்த காகிதத்தைப் பிரித்து, அம்மன் குங்குமத்தை அதன் நடுவில் இட்டார். பெண்ணுக்குக் கடைசியாக எப்போது பொட்டு வைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. மறுபடியும் நாற்காலியின் பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வளவன் மூச்சிரைக்க வந்தான். மேஜை மேல் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் பொட்டு, ஒன்றில் இல்லை. புதிதாக வாங்கும் எதற்கும் பொட்டு வைக்காமல் சிந்துஜா விடமாட்டாள், பிரஷர் குக்கருக்கே வைத்தவள். அதனால் அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பொட்டு வைத்ததை எடுத்துச் சிபியுவுக்குள் மாட்டி, திருகைத் திருகி, பக்கத்துத் தகட்டை மூடினான். இரண்டையும் ஒரே சமயத்தில் மாட்டினால் ஆள் மாறாட்டம் ஆகிவிடும் என்று ஒவ்வொன்றாகத்தான் மாட்டுவான். அவ்வளவு ஜாக்கிரதைக்காரன்.

கம்ப்யூட்டர் விழித்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. இடி விழுந்த அன்று அந்த டிஸ்க்கும் உள்ளுக்குள் அடிபட்டிருந்தது. இருந்த படங்கள் இருந்தபடியே இருந்தன, கம்ப்யூட்டருக்குத்தான் அவற்றைப் படிக்கத் தெரியவில்லை, அதனால் கேட்டது. புது டிஸ்க் கேட்கிற கேள்வி இதே மாதிரி இருக்காது. நிதானமாகப் படித்திருந்தால் வளவனுக்கே புரிந்திருக்கும். ஆனால் பத்தரை நெருங்கிக்கொண்டிருந்தது, சிந்துஜா போனில் "ஆரம்பிச்சீங்களா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

அதிலும் ஒரு பழக்கம் வைத்திருந்தான். ஃபார்மட்டில் வேகமானது ஒன்று, முழுசானது ஒன்று. வேகமானது பெயருக்குத் துடைக்கும். முழுசானது மூலை முடுக்கெல்லாம் புகுந்து வழித்து எடுத்துவிடும். முன்பு ஒரு தடவை புது டிஸ்க்கில் கோளாறு இருந்து ஒரு காதுகுத்து முழுக்கப் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் தாய்மாமன்கள் ஸ்டுடியோவுக்கே வந்து நின்றார்கள். அன்றிலிருந்து புது டிஸ்க் என்றால் வளவன் முழுசாகத்தான் ஃபார்மட் செய்வான், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

"கொஞ்சம் நேரம் புடிக்கும்யா. உக்காருங்க, டீ சொல்றேன்."

திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீள ஆரம்பித்தது. முருகையன் நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கோடு இன்னா தம்பி?"

"அது ரொம்பனும்யா. ரொம்பி முடிஞ்சதும் அடுத்த வேல. அப்புறம் உங்க பொண்ணு வந்துடும்."

அந்தக் கோடு நிரம்பினால் பெண் வந்துவிடுவாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். டீ வந்தது, ஆறிப்போனது. அவர் கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. பாதி ஆனபோது, "பாதி வந்துட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வளவனுக்கு அது சிரிப்பாக இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"கட்டிக் குடுத்து மூணாவது மாசமே போன் பண்ணா" என்று முருகையன் பேச ஆரம்பித்தார். "வந்துடட்டுமாப்பானு கேட்டா. நான்தான், கொஞ்சம் பொறுத்துக்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்னு சொன்னேன். நெலத்துல மல்லாட்ட செடி புடுங்கற நேரம் தம்பி. ஆள் கிடைக்கல. அப்புறம் வந்து பேசறேன்னு வெச்சுட்டேன்." ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார். "அவ அப்புறம் கேக்கவே இல்ல. திங்கக்கெழம அங்க போயி இத போட்டுக் காட்டிட்டன்னா, நான் செஞ்சதுல ஒன்னாவது சரின்னு ஆவும்."

"எல்லாம் நல்லபடியா நடக்கும்யா" என்றான் வளவன். கோடு முக்கால்வாசிக்கு வந்திருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டி அது முடிந்தது. வளவன் மற்ற டிஸ்க்கைத் தொடுத்தான். இது இதுவரை யாரும் பயன்படுத்தாத டிஸ்க் என்று கம்ப்யூட்டர் சொன்னது. பிடுங்கி மறுபடி தொடுத்தான். மறுபடியும் அதையே சொன்னது. அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பினான். தயாரித்த தேதி இந்த வருஷம் என்று பொடி எழுத்தில் இருந்தது.

சிபியுவின் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தான். சந்தனமும் குங்குமமுமாக அது உள்ளே உட்கார்ந்திருந்தது.

"ஐயா... இதுக்குக் குங்குமம் வெச்சது யாரு?"

"நான்தாம்பா" என்றார் முருகையன். "பொண்ணு அதுல இருக்குதுன்னு அந்தம்மா காட்டுச்சு. ஏன், வெக்கக் கூடாதா?"

வளவன் கோபிக்குப் போன் போட்டான். அழிந்துபோன படங்களை மீட்டுத் தருகிற வேலையைச் சென்னையில் செய்துகொண்டிருக்கும் சிநேகிதன் அவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வேகமான ஃபார்மட்தானே? எடுத்துடலாம் வா" என்றான். "இல்லடா, முழுசு" என்றான் வளவன். "அத தொடறதுக்கு முன்னாடி எடுத்துனு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். இனிமே ஒன்னும் இல்லடா, விட்ரு" என்று கோபி வைத்துவிட்டான்.

முருகையன் எழுந்து நின்றிருந்தார். "இன்னாச்சு தம்பி?"

பயத்தில் மனிதன் பேசுவதற்கு ஒரு தினுசு உண்டு. வளவன் அந்தத் தினுசில் பேசினான். "உங்கள யாருய்யா அதுக்கு வெக்கச் சொன்னது? புதுசுக்குத்தான் பொட்டு வெச்சிருக்குன்னு நெனச்சு அழிச்சுட்டேன்யா! எல்லாம் போச்சு! உங்களாலதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதிலேயே விழுந்தது. முருகையன் கோபப்படவில்லை. திரும்பிப் பச்சைக் கோடு இருந்த இடத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு இப்போது புரிந்தது.

"தப்பு என்னுதுதான்யா" என்றான் வளவன். "நான் பாத்திருக்கணும். உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்திருக்கணும்."

அதை அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. படியில் காலடிச் சத்தம் வந்தது. கோயிலிலிருந்து பச்சையம்மாள் ஏறி வந்துகொண்டிருந்தாள். முருகையன் சட்டென்று வளவனின் மணிக்கட்டைப் பிடித்தார், விவசாயியின் பிடி, வலித்தது.

"குங்குமம்னு ஒரு வார்த்த உன் வாயில வரக்கூடாது தம்பி. அத குடுத்து அனுப்புனதே அவதான். தெரிஞ்சா உசுர வெச்சுக்க மாட்டா. உள்ள மூடு அத."

வளவன் தகட்டை மூடிவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றான். பச்சையம்மாள் தேங்காய் மூடியும் பூவும் இருந்த பையோடு உள்ளே வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"பாத்தீங்களா? இருக்குதா?"

"இல்ல" என்றார் முருகையன். "மிஷின்ல போட்டதும் அழிஞ்சு போச்சு. ஒன்னும் இல்ல."

அவள் கதறவில்லை. பையைக் கீழே வைத்தாள். வளவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் புருஷனைப் பார்த்தாள்.

"நான் குடுத்த குங்குமத்த வெச்சியாய்யா?"

குங்குமம் ஒட்டியிருந்த முருகையனின் வலது கை வேட்டி மடிப்புக்குள் போயிருந்தது.

"மறந்துட்டேன்" என்றார்.

"மறந்துட்டியா?" அவள் அவர் மார்பில் கையால் அடித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. "அம்மனாண்ட வெச்சு வாங்கியாந்து கையில குடுத்தனே. அது ஒன்ன செய்யறதுக்கு உனக்குத் தோணலியா? அன்னிக்குக் கூப்புட்டா, போவல. இன்னிக்கு இது. உன்னாலதான்யா போச்சு. ரெண்டு தரமும் உன்னாலதான் போயிட்டா."

"ஆமாம்" என்றார் முருகையன். "என்னாலதான்."

அவர் குனிந்து பையை எடுத்துக்கொண்டார். ஒரு கையால் அவளைத் தாங்கிப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார். அவள் ஏசிக்கொண்டே இறங்கினாள், அவர் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

வளவன் படியின் தலைப்பில் நின்றான். படம் போனால் என்ன, பார்த்த கண் இருக்கிறது. நான் பார்த்தேன், நான் வந்து சொல்கிறேன் என்று சொன்னால் போதும், இரண்டே வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்தது. படி திரும்புகிற இடத்தில் முருகையன் நின்று ஒரு தரம் மேலே பார்த்தார். வந்து சொல்லு என்று கேட்கவில்லை, நின்றார். கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வரோம் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் செங்கம் ரோட்டு மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. வளவன் கேமராப் பையோடு உள்ளே நுழைந்தபோது, தசரதன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் விசாரணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வண்டியில் சாவியைப் போட்டவன் இவனைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா வளவா, புது கம்ப்யூட்டர் வாங்கிட்டியாமே?"

"ஆமாண்ணே" என்றான் வளவன்.